அழகு அறுவையும் பெயரில்லாத உடல்களும்

சினிமாக்காரர் யாராவது மூக்கைத் திருத்திக்கொண்டார், முகச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டார் என்று செய்தி வந்தால் போதும். கடற்கரைச் சாலையில் காலாற நடக்க வரும் நம் வயதுக்காரர்களுக்கு அன்று பேச்சு அதுதான். "ஆண்டவன் கொடுத்த மூஞ்சி போதாதா?" என்பார் ஒருவர். "பணத்திமிர்" என்பார் இன்னொருவர். "டாக்டருக்குப் படித்துவிட்டு இந்த வேலையா?" என்று முடித்துவைப்பார் மூன்றாமவர்.

நான் அழகு அறுவைக்கு வக்கீல் இல்லை. எழுபதைத் தாண்டிய என் முகத்தில் இனி யாரும் கைவைக்கப் போவதும் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. ஒரு மருத்துவர் காதோரம் கத்தி வைத்துக் கன்னத்தை இழுத்துக் கட்டுகிறார் என்றால், எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்ற அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? பணக்காரர்களின் மருத்துவமனையில் அது பிறக்கவில்லை. அநாதைப் பிணங்களிடமிருந்தும், போரில் முகம் சிதைந்த சிப்பாய்களிடமிருந்தும், தீயில் வெந்தவர்களிடமிருந்தும் வந்தது. அப்படி வந்த அறிவு யாருக்குச் சொந்தம், அதற்கு நாம் என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பதிலையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் 'வெறும் அழகுக்காக' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் மொழியில் ஒருவனை அவமானப்படுத்துவதை 'மூக்கறுப்பது' என்கிறோம். மூக்கின் நுனி போனாலும் மூச்சு விடலாம், உயிர் போகாது. போவது மானம். பழைய காலத்தில் மூக்கறுப்பது தண்டனையாகவே இருந்தது. அதனால்தான் மூக்கைத் திரும்பக் கட்டும் வித்தையும் இந்த நாட்டில் முன்பே வளர்ந்தது. சுஸ்ருத சம்ஹிதையில் அது இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். உடலை அறிவது எப்படி என்றும் அதே நூல் சொல்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. இறந்தவர் உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து ஓடும் நீரில் போட்டு, ஏழு இரவு கழித்து எடுத்து, மெல்லிய தூரிகையால் தோலில் தொடங்கி அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறது. தோலுக்கு மட்டும் ஏழு அடுக்குக்குத் தனித்தனிப் பெயர் கொடுத்திருக்கிறது. தோல் என்பது மேலே போர்த்திய துணி அல்ல, கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பொருள் என்று அன்றே யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

அந்த வித்தை ஐரோப்பாவுக்குப் போன கதையும் சுவையானது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பின்னர் புனேயில் அவருடைய நெற்றித் தோலை இறக்கி ஒரு புது மூக்கு கட்டினார்கள். கட்டியவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. பரம்பரையாக அந்த வேலை தெரிந்தவர். 1794 அக்டோபரில் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற இதழில் இந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் பார்த்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் உடனே உயிருள்ளவர் மேல் கத்தி வைத்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் சடலங்களில் செய்து பழகினார். 1814இல்தான் ஒரு நோயாளிக்குச் செய்தார், 1816இல் அதை நூலாக வெளியிட்டார்.

நெற்றித் தோல் ஏன் அழுகாமல் மூக்காகப் பிழைத்தது? புருவத்தின் உள்முனையருகே ஒரு சிறு ரத்தக் குழாய் மேலேறுகிறது. கீழே அந்தக் காம்பை அறுக்காமல் விட்டுத் தோலைத் திருப்பி வைத்ததால் ரத்தம் ஓடியது. புனேக்காரர் அதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். ஏன் என்று ஏட்டில் எழுதுவதற்கு இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று.

இனி பாரிசுக்குப் போவோம். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த ஊர் மருத்துவர்களின் பெயர்கள் கொஞ்சம் பழக்கம். 1830களில் ஒத்தல்தியே மருத்துவமனையில் பெரிய பெயரோடு இருந்தவர் கியோம் துப்புய்த்ரேன். தன்னைத்தானே மார்பில் குத்திக்கொண்ட ஒருவரை அவர் பார்க்க நேர்ந்தது. குத்திய கருவியின் முனை உருண்டை. காயமோ உருண்டையாக இல்லை. கத்தியால் கீறியதுபோல் நீளமாக இருந்தது. துப்புய்த்ரேன் சடலங்களில் அதே மாதிரிக் கருவியால் குத்திப் பார்த்தார். அங்கும் நீளக் கீறல்தான்.

இதை முழு உடம்புக்கும் செய்து பார்த்தவர் வியன்னாவின் கார்ல் லாங்கர். 1861இல் வெளியான அவருடைய ஆய்வு, சடலங்களின் மேல் உருண்டை முனையால் ஆயிரக்கணக்கில் குத்தி, உண்டான கீறல்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கோடு வரைந்தது. மார்பில் ஒரு திசை, முதுகில் ஒரு திசை, முழங்காலைச் சுற்றி ஒரு திசை என்று உடம்பு முழுக்க ஒரு வரைபடம் கிடைத்தது. காரணம் எளிது. தோலுக்குள் கொலாஜன் என்ற நார் ஒரு போக்கில் ஓடுகிறது. வாழைப்பட்டை நார்வாக்கில் கிழித்தால் சீராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் பிசிறடிக்கும் அல்லவா? தோலும் அப்படித்தான். நார்ப்போக்கில் வெட்டினால் காயம் வாய் பிளக்காது. தழும்பு மெல்லிய கோடாக அடங்கும். குறுக்கே வெட்டினால் இழுபட்டு அகலமாகும்.

செத்த உடம்பின் தோலும் உயிருள்ள தோலும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. முகத்தில் தசைகள் ஓயாமல் அசைவதால், அங்கே தசைக்குக் குறுக்கே விழும் சுருக்கக் கோடுகளைப் பார்த்து வெட்ட வேண்டும் என்று 1951இல் கிரைஸ்ல் எழுதினார். 1962இல் போர்கஸ் முதலியோர், தசை தளர்ந்திருக்கும்போது தோலில் உள்ள இழுவிசைப்படி கோடுகளைத் திருத்தினார்கள். லாங்கரின் படத்தை அப்படியே நம்பாமல் நூறு ஆண்டு சரிபார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இது வெறும் அழகு விஷயம் என்று நினைப்பவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். நம் தலைமுறையில் சிசேரியன் ஆனவர்கள் பலருக்குத் தொப்புளுக்குக் கீழே நெடுக்காகத் தழும்பு இருக்கும். மகள், மருமகள் காலத்தில் அடிவயிற்றில் குறுக்காக, புடவைக் கட்டுக்குள் மறையும்படி இருக்கும். அந்தக் குறுக்கு வெட்டை 1900இல் எழுதிவைத்தவர் பான்னென்ஸ்டீல் என்ற ஜெர்மானிய மருத்துவர். தோலின் போக்கோடு போகும் வெட்டு அது. நாலு பேருக்குத் தெரியாமல் ஆறிப்போகும் ஒவ்வொரு தழும்புக்கும் பின்னால் வியன்னாவின் அந்தப் பிணவறையும் இருக்கிறது.

கோடு தெரிந்தால் போதாது, தண்ணீர் எங்கிருந்து பாய்கிறது என்று தெரிய வேண்டும். பாகூர் ஏரிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த மதகு எந்த வயலுக்குப் பாயும் என்று ஒரு ஆயக்கட்டுக் கணக்கு உண்டு. மதகை அடைத்துவிட்டு வயலில் பயிர் ஏன் காய்ந்தது என்று கேட்கக் கூடாது. தோலுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அதை முதலில் ஒழுங்காக எழுதியவர் ஸ்திராஸ்பூரில் படித்த கார்ல் மான்ஷோ என்ற இளைஞர். 1889இல், அந்த ஊர் ஜெர்மானியர் கையில் இருந்த காலத்தில், மருத்துவ மாணவராக இருந்தபோது தோலின் ரத்தக் குழாய்களைப் பற்றி நூல் எழுதினார். அடுத்துப் பெரிய வேலை செய்தவர் மார்செய் நகரத்து மிஷேல் சல்மோன். 1936இல் வெளிவந்த அவருடைய நூலுக்காகச் சடலங்களின் ரத்தக் குழாய்களில் ஈயம் கலந்த திரவத்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். எக்ஸ்ரேயில் ஈயம் வெள்ளையாகத் தெரியுமாதலால் மயிரிழைக் குழாய்வரை படத்தில் விழுந்தது.

இந்த இரண்டு நூல்களும் அறுவை மருத்துவர்களின் கவனத்துக்கு வராமல் பல்லாண்டுகள் கிடந்தன. ஆங்கிலத்தில் வந்ததே 1980களில்தான். 1987இல் மெல்போர்னைச் சேர்ந்த இயன் டெய்லரும் பால்மரும், தோலிலிருந்து எலும்புவரை ஒவ்வொரு தமனிக்கும் உள்ள ஆயக்கட்டை வகுத்தார்கள்; உடம்பு முழுக்க ஏறத்தாழ 40. இன்று மார்பகப் புற்றுநோயில் மார்பை இழந்த பெண்ணுக்கு வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு புது மார்பு அமைக்க முடிகிறது என்றால், எந்தக் குழாயோடு எவ்வளவு தோல் பிழைக்கும் என்ற இந்தக் கணக்கினால்தான். அதே கணக்கு முகச் சுருக்கம் எடுப்பவருக்கும் உதவுகிறது. ஒரே மதகு, இரண்டு வயல்.

முகத்துக்கு வருவோம். முதலில் முகச் சுருக்கம் எடுத்தவர்கள் காதோரம் தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைத்தார்கள். தோல் ரப்பர் அல்ல. சில காலத்தில் தளர்ந்து பழையபடி தொங்கும், தையலும் அகன்றுவிடும். 1976இல் பாரிசில் விளாதிமிர் மிட்ஸ், மர்த்தீன் பெய்ரொனி என்ற இருவர் சடலங்களின் கன்னத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து, தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே ஒரு உறுதியான படலம் இருப்பதை விவரித்தார்கள். முகத் தசைகளைப் பிணைக்கும் படலம் அது. பிடித்து இழுக்க வேண்டியது அதைத்தான், தோலை அல்ல. அந்தப் படலத்துக்கு அடியில்தான் முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. நெற்றிக்குப் போகும் கிளை எந்தப் பாதையில் போகிறது என்று 1966இல் பிரேசில் நாட்டு இவோ பித்தாங்கி குறித்து வைத்தார். அந்தப் பாதையில் கத்தி பட்டால் ஒரு பக்கப் புருவத்தை உயர்த்தவே முடியாது. 2007இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ரோரிச், பெஸ்ஸா என்ற இருவர் சடலங்களின் கன்னத்தில் சாயம் ஏற்றி, முகக் கொழுப்பு ஒரே மெத்தையாக இல்லை, தனித்தனி அறைகளாக இருக்கிறது என்று காட்டினார்கள். வயதானால் முகம் மொத்தமாக உருகி வழிவதில்லை; ஒரு அறை வற்றுகிறது, பக்கத்து அறை அப்படியே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே பள்ளமும் அதன் அருகே மேடும் உண்டாவது அதனால்தான். கண்ணாடியில் நாம் தினமும் பார்ப்பதுதான்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. வரைபடங்களுக்கு லாங்கர், மான்ஷோ, சல்மோன், மிட்ஸ் என்று பெயர் இருக்கிறது. மேசையில் படுத்திருந்தவர்களுக்குப் பெயர் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் மேசைக்கு வந்தவர்கள் யார்? இங்கிலாந்தில் பிணத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது புதைகுழியைத் தோண்டித் திருடினார்கள். 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் பிணம் விற்பதற்காகவே கொலை செய்து அகப்பட்டார்கள். பிறகு 1832இல் சட்டம் வந்தது. ஏழை விடுதியிலும் மருத்துவமனையிலும் செத்து, கேட்க ஆளில்லாதவர்களின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்றது. நம் நாட்டிலும் மாநிலங்களின் உடற்கூறியல் சட்டங்கள் இதே வழியில்தான், உரிமை கோரப்படாத உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கின்றன. ஆக, உயிரோடிருக்கும்போது யாரும் முகம் கொடுத்துப் பேசாதவர்களின் முகத்திலிருந்துதான் முகத்தைப் பற்றிய பாடம் தொடங்கியது.

சடலங்களுக்கு அடுத்தபடி கடன்பட்டிருப்பது சிப்பாய்களுக்கு. 1914 போரில் பதுங்கு குழியிலிருந்து தலை தூக்கியவர்களுக்குத் தாடை போயிற்று, மூக்கு போயிற்று. பாரிசின் வால்-தெ-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் அவர்களுக்கு முகம் கட்டியவர் இப்போலித் மொரெஸ்தேன். மர்த்தினிக் தீவில் பிறந்தவர். அவருடைய வேலையைப் பார்த்துவிட்டுப் போனவர்தான் ஹரோல்டு கில்லிஸ். இங்கிலாந்தில் அதே போரின்போது இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர். முகம் சிதைந்த பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு 'கெல் காசே' என்று பெயர். உடைந்த மூஞ்சிகள் என்று பொருள். 1919 ஜூன் 28இல் வெர்சாயில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது அவர்களில் ஐந்து பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். நம் கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் அந்தப் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பப்பட்டது. சொல்தா பென்ஷன் குடும்பங்கள் இன்றும் உள்ள நம் ஊருக்கு இந்தக் கதை அந்நியம் அல்ல.

மொரெஸ்தேனோடு அந்த மருத்துவமனையில் பணியாற்றியவர்களில் ஒருவர் சுசான் நோவெல் என்ற பெண் மருத்துவர். சிப்பாய்களிடம் பழகிய கையோடு, போருக்குப் பின்னும் முகச் சுருக்கம் எடுக்கும் வேலையில் ஈடுபட்டார். 1926இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு 'அழகியல் அறுவை: அதன் சமூகப் பங்கு'. அழகுக்கும் சமூகத்துக்கும் என்ன சம்பந்தம்? அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் சீமாட்டிகள் அல்ல. வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்த உழைக்கும் பெண்களும் வந்தார்கள். போர் முடிந்த நாட்டில், சம்பாதித்துச் சாப்பிட வேண்டிய பெண்களுக்கு முகச் சுருக்கம் சோற்றுப் பிரச்சினையாக இருந்தது. அதைப் 'பணத்திமிர்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நமக்கு அருகிலேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்டின் பெயர், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர் என்று நமக்குத் தெரியும். விரல் நிமிர்ந்தது, வேலை செய்ய முடிந்தது. ஆனாலும் நோய் நீங்கியவர்களை ஊர் சேர்க்கவில்லை. காரணம் முகம். மூக்கு அமிழ்ந்திருந்தது; புருவம் உதிர்ந்திருந்தது. புருவம் இல்லாவிட்டால் எந்த வேலையும் கெடாது. ஆனால் புருவமில்லாத முகத்தைப் பார்த்தால் நம் ஊரில் எல்லாருக்கும் நோயின் பெயர் தெரியும். அதனால் வேலூரில் மூக்கை உயர்த்தினார்கள். தலைத்தோலில் முடியுள்ள ஒரு சிறு பட்டையை அதன் ரத்தக் குழாயோடு நெற்றித் தோலுக்கு அடியில் நுழைத்துக் கொண்டுவந்து புருவமாக வைத்தார்கள். தலைமுடி என்பதால் அது வளர்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். இதை மருத்துவ ஏட்டில் எந்தப் பிரிவில் எழுதுவது? செயலுக்கா, அழகுக்கா? சுத்தமான அழகு அறுவைதான். அதனால் ஒருவருக்குக் கிடைத்தது டீக்கடையில் உட்காரும் உரிமை.

அரசாங்க எழுத்தராக இருந்தவன் என்பதால் சட்டத்தின் கட்டங்களையும் பார்க்கிறேன். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகை ஊனங்கள் இருந்தன. கண், காது, கைகால், மனம் எல்லாம் வந்தன. தொழுநோய் நீங்கியவர்களும் வந்தார்கள். அமிலம் வீசப்பட்டு முகம் வெந்த பெண்ணுக்கு அங்கே தனிக் கட்டம் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகைகள் ஆயின. அமில வீச்சுக்கு ஆளானோரும் சேர்ந்தார்கள். முகமும் ஒரு உறுப்பு, அது போனால் வாழ்வு போகிறது என்பதை அரசாங்கப் படிவம் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆனது. அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு நாம் இன்னும் 'வெறும் அழகு' என்று சொல்லிக்கொண்டிருக்கலாமா?

அப்படியானால் அழகு வியாபாரம் எல்லாம் சரி என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. என் கட்சி மூன்று வரிகளில் அடங்கும்.

முதல் வரி: படம் படிக்காதவன் வயலில் இறங்கக் கூடாது. இப்போது கல்யாணத்துக்கு முன் கன்னத்திலும் உதட்டிலும் ஊசி போட்டு நிரப்பிக்கொள்வது பெருகிவருகிறது. கத்தியே இல்லை, ஊசிதானே என்கிறார்கள். மூக்கைச் சுற்றியும் புருவங்களுக்கு நடுவிலும் ஓடும் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. நிரப்பும் பொருள் தவறிப்போய் அந்தக் குழாய்க்குள் இறங்கினால் பின்னோக்கிப் போய்க் கண்ணின் ரத்த ஓட்டத்தை அடைக்கும். பார்வை போனவர்கள் உண்டு, பெரும்பாலும் திரும்புவதில்லை. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்ற அறிவு ஒரு வாரப் பயிற்சியில் வராது. அழகு நிலையத்தில் சலுகை விலையில் ஊசி என்று பேத்தி சொன்னால், போடுகிறவர் என்ன படித்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். அழகு வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டாள்; படிப்பைக் கேள் என்று சொன்னால் கேட்பாள்.

இரண்டாவது வரி: ஏழைகளின் உடலில் கற்றது ஏழைகளுக்கு முதலில் திரும்ப வேண்டும். தோல் ஆராய்ச்சியில் நடந்த அற்புதங்கள் தீக்காயத்திலிருந்து பிறந்தவை. 1869இல் பாரிசின் நெக்கேர் மருத்துவமனையில் ழாக்-லூயி ரெவெர்தேன், ஆறாத புண்ணின் மேல் சிட்டிகை சிட்டிகையாகத் தோலை வைத்து வளரச் செய்தார். 1975இல் அமெரிக்காவில் ஹோவர்டு கிரீனும் ரைன்வால்டும் மேல்தோல் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் முறையைக் கண்டார்கள். 1983இல் உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்த இரண்டு சிறுவர்களை, அவர்களுடைய தோலையே வளர்த்துப் போர்த்திக் காப்பாற்றினார்கள். ஸ்டவ் வெடித்தும் பட்டாசு ஆலையில் வெந்தும் அரசு மருத்துவமனைக்கு வரும் நம் ஆட்களுக்கு உயிர் பிழைத்தபின் என்ன கிடைக்கிறது? உயிரைக் காப்பாற்றியதோடு கோப்பை மூடிவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. கழுத்து மார்போடு ஒட்டிப்போய், கண்ணிமை மூடாமல், வாய் திறக்க முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு அடுத்தடுத்து நாலைந்து அறுவை வேண்டும். அதற்கு வரிசையும் படுக்கையும் நிபுணரும் வேண்டும்.

செய்ய முடியாதது அல்ல. மேலே சொன்ன பித்தாங்கி உலகப் பிரபலங்களுக்கு முகம் திருத்தியவர். 1961 டிசம்பரில் ரியோ அருகே நித்தெரோயில் ஒரு சர்க்கஸ் கூடாரம் எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, வெந்து பிழைத்தவர்களுக்குச் சிகிச்சை செய்ய ஓடியவர்களில் அவரும் ஒருவர். ரியோவின் சாந்தா காசா தர்ம மருத்துவமனையில் ஏழைகளுக்காக ஒரு பிரிவைப் பல்லாண்டுகள் நடத்தினார். பயிற்சி மருத்துவர்களுக்கும் அங்கேதான் கைப்பழக்கம். அழகு அறுவையில் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கும் நம் நிபுணர்கள் வாரத்தில் ஒரு நாள் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் கைகொடுத்தால் என்ன? அரசும் அதற்கு ஒரு வழி செய்யலாம்.

மூன்றாவது வரி நமக்கு. நான் சொன்ன ஊர்களைத் திரும்ப எண்ணிப் பாருங்கள்: வியன்னா, ஸ்திராஸ்பூர், மார்செய், பாரிஸ், மெல்போர்ன், டல்லஸ். தோலை வகைப்படுத்த உலகமெங்கும் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் உருவானபோது வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இருந்தது. நம் பழுப்பும் கறுப்பும் பின்னால்தான் ஐந்தாம், ஆறாம் வகையாகச் சேர்ந்தன. ஆனால் நம் தோலின் நடப்பே வேறு. காயம் ஆறிய இடம் கறுத்துப்போவதும், தழும்பு தடித்து மேடாக வளர்வதும் நம் நிறத்தவர்க்கு அதிகம். காது குத்திய இடத்தில் கொட்டைபோல் வளர்ந்தவர்களைக் குடும்பத்துக்கு ஒருவராவது பார்த்திருப்போம். நம் முகத்தையும் தோலையும் நம் ஊர் மருத்துவர்கள் நம் உடலில்தான் கற்க வேண்டும். அதற்கு, கேட்க ஆளில்லாதவர் வரட்டும் என்று காத்திருப்பது நியாயமா? கேட்க ஆளுள்ள நாமே கொடுத்தால்தான் கடன் தீரும்.

1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம் ஊரிலேயே இருக்கிறது. உடல் தானம் செய்ய விரும்புவோர் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விண்ணப்பம் பெறலாம். சில விவரங்கள் தெரிந்திருப்பது நல்லது. விபத்து, தற்கொலை போன்று போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உள்ள மரணமானால் உடலை ஏற்க மாட்டார்கள். சில தொற்றுநோய்கள் இருந்தாலும் ஏற்பதில்லை. கண்ணை முதலில் தானம் செய்துவிட்டு உடலைக் கொடுக்கலாம்; இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நாம் எழுதிக்கொடுப்பது மட்டும் போதாது. கடைசியில் கொடுப்பவர்கள் பிள்ளைகள். அவர்கள் மனமொப்பிச் சொல்லி அனுப்பினால்தான் வண்டி வரும். வயதாகிவிட்டதே, இந்தக் கட்டை எதற்கு ஆகும் என்று எண்ண வேண்டாம். முகம் எப்படி முதுமையடைகிறது என்று அறிய முதிய முகம்தான் வேண்டும். நம் சுருக்கங்களுக்கு மதிப்புள்ள இடம் அது ஒன்றுதான்.

நான் எழுதிக்கொடுத்துவிட்டேன். என் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை. அது அவள் முடிவு. மகள் கேட்டாள்: "சாம்பல்கூட இல்லாமல், திதி அன்று நாங்கள் எதைப் பார்த்துக் கும்பிடுவது?" இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் எதுவும் இல்லை. படம் வீட்டில் இருக்கும், திதியும் வழக்கம்போல் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். யோசிக்கட்டும், அவள்தான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியவள்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். சண்டை வந்தால் என் பேரைச் சொல்லுங்கள்.